கருகின வாடை

ஜனவரி 23, 2026, வெள்ளி

கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தைத் திரும்பவும் எடுத்திருக்கிறேன். கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறியது. அதில் வரும் கசாண்ட்ராவுக்காகத்தான் எடுத்தேன். ட்ராய் அரசன் பிரியாமின் மகள். அவள்மேல் ஆசைப்பட்ட அப்பல்லோ கடவுள், வருங்காலம் அறியும் வரத்தைக் கொடுத்தான். சரி என்றவள் பிறகு மறுத்துவிட்டாள். அவள் சொல்வதை யாரும் நம்பக்கூடாது என்று சபித்துவிட்டான். ட்ராய் எரிந்தபின், அதை வென்ற ஆர்கோஸ் அரசன் அகமெம்னான் அவளை அடிமையாக ஆர்கோஸுக்குக் கொண்டுவருகிறான்.

மேடையில் அவள் ரொம்ப நேரம் வாயே திறப்பதில்லை. அகமெம்னானின் மனைவி, ராணி கிளைத்தெம்னெஸ்ட்ரா கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து உள்ளே போனபிறகுதான் அந்த அலறல் வருகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

இத்தனை நாள் தப்பாகவே நினைத்திருக்கிறேன். கோரஸாக நிற்கும் ஊர்ப் பெரியவர்கள் அவளை நம்பாமல் இல்லை. நீ சொல்வது நம்பும்படிதான் இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அகமெம்னானின் சாவைப் பார்க்கப்போகிறீர்கள் என்று அவன் பெயரையே சொல்லி அவள் உடைத்ததும்தான், அபசகுனமாகப் பேசாதே என்று அடக்குகிறார்கள். எங்கள் அம்மாவாக இருந்தால் 'வாயைக் கழுவுடி' என்றிருப்பார். உங்கள் கிரேக்க மொழியில்தானே பேசுகிறேன் என்கிறாள் கசாண்ட்ரா. டெல்ஃபியில் அப்பல்லோ கோயிலில் சொல்லும் குறியும் கிரேக்கத்தில்தான் வருகிறது, புரிகிறதா என்ன என்கிறார்கள்.

அரண்மனை வாசல்வரை போய்ப் பின்வாங்குகிறாள். ரத்த வாடை. அடுப்பங்கரையில் பலி கொடுத்த வாடை என்கிறார்கள் பெரியவர்கள். இல்லை, கல்லறை வாடை என்கிறாள்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், "மீட்டர் போர்டு பக்கம் கருகின வாடை வருது சார்" என்றார். "யாராவது குப்பை கொளுத்துவாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒயர் எரிந்து பாதிக் கட்டடம் இருட்டு. தன்னைக் கசாண்ட்ராவாக நினைத்துக்கொள்ளாத ஆளே இன்று கிடையாது. நான் அந்தப் பெரியவர்களில் ஒருத்தன்.

ஜனவரி 28, புதன்

சேலஞ்சர் விண்கலம் வெடித்து இன்றோடு 40 வருஷம். கிளம்பி 73 விநாடி, 7 பேர். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கைவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அவரையும் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஏவுவதற்கு முந்தின ராத்திரி, பூஸ்டரைத் தயாரித்த கம்பெனி, குளிரில் வளையங்கள் விறைத்துப்போகும் என்று முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னது. நாசா தரப்பு கடுப்பானதும், ஃபோன் இணைப்பை நிறுத்திவைத்துத் தங்களுக்குள் பேசி, ஏவலாம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஜனவரி 29, வியாழன்

முடித்தேன். உள்ளே போகுமுன் கசாண்ட்ரா பெரியவர்களிடம் கேட்கிறாள்: நான் செத்தபிறகு, வெறும் பயத்தில் நான் கத்தவில்லை என்று சாட்சி சொல்லுங்கள்.

அப்புறம் உள்ளேயிருந்து அகமெம்னானின் கூக்குரல், இரண்டு தடவை. வெளியே 12 பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு வரி. ஊரைக் கூட்டலாம் என்கிறார் ஒருவர். கதவை உடைத்துப் போகலாம் என்கிறார் இன்னொருவர். கத்தினார் என்பதற்காக இறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு சந்தேகம் வேறு. கடைசியில் நிலவரத்தை உறுதியாகத் தெரிந்துகொள்வோம் என்று ஒருமனதாகிறார்கள். கதவு திறக்கிறது. அகமெம்னான் பக்கத்தில் கசாண்ட்ராவும் கிடக்கிறாள்.