வேலூர், ஜூலை

ஜூலை 3
வந்து சேர்ந்தோம். லாட்ஜ் போர்டில் தமிழைவிட வங்காளம் பெரிதாக இருக்கிறது. அப்பா தூங்கவில்லை.

ஜூலை 5
ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான். சரி என்று கோட்டைக்கு நடந்தேன். ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர், மசூதி, சர்ச். 1806-இல் இங்கே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் புரட்சி செய்த சிப்பாய்கள் கோட்டைக்குள் குடியிருக்கவில்லை என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை. வெளியே குடிசை போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தவர்கள். காலையில் வெள்ளைக்காரன் முன்னால் விறைத்து நிற்க வேண்டும், சாயங்காலம் கடைத்தெருவில் கடன் சொல்லிப் புளி வாங்க வேண்டும். 1805 நவம்பரில் உத்தரவு: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, மீசை அளவாக. அப்புறம் அந்தப் புதுத் தலைப்பாகை, தோல் குஞ்சம் வைத்தது, பார்த்தால் தொப்பி மாதிரியே இருக்கும். அடுத்து உங்களைக் கிறிஸ்தவனாக்கி விடுவார்கள் என்று பேட்டையில் பேச்சு. பக்கிரிகளின் கேலி வேறு. அதிகாரியின் அதட்டலைக்கூட விழுங்கிவிடலாம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு புளிக்கடைக்கு எப்படிப் போவது?

ஜூலை 6
நாளை மறுநாள் ஆபரேஷன். அப்பா தயிர்சாதம் கேட்டார்.

ஜூலை 7
சவரம் செய்ய ஆள் வந்தார். மீசையும் போக வேண்டுமாம். நாற்பது வருட மீசை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி கேட்டார். இல்லை என்றேன். பையில் இருந்தது.

ஜூலை 8
முடிந்தது. ஐ.சி.யூ. 'பார்க்கலாம்' என்றார்கள். எதை?

ஜூலை 9, ராத்திரி
1806-இல் இதே நாள் கோட்டைக்குள், அங்கே காவலில் வைத்திருந்த திப்பு குடும்பத்தில், திப்புவின் மகளுக்குக் கல்யாணம். மறுநாள் காலை கவாத்து என்பதால் சிப்பாய்கள் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே படுத்தார்கள். பொழுது விடியுமுன் புரட்சி தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாய்க் கிடந்த வெள்ளைச் சிப்பாய்களையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. இந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வெள்ளை அதிகாரி கில்லெஸ்பி. பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். குடிசைக் கதவைத் திறந்து வந்து நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். யார் யாரைச் சுடுகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நர்ஸ் வெளியே வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

ஜூலை 10
மக்கானில் அந்தச் சிப்பாய்களின் நினைவுத் தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து பார்த்தது. அந்த உத்தரவுகளை அப்புறம் வாபஸ் வாங்கினார்கள், கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். யாருக்கு என்ன லாபம்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள், ஐந்து நிமிஷம். அப்பா கண் திறந்தார். என்னைப் பார்த்தாரா தெரியவில்லை. கை மேலுதட்டுக்குப் போயிற்று, அங்கேயே இருந்தது.

ஜூலை 11
நாளைக்கு வார்டுக்கு மாற்றுவார்களாம். தயிர்சாதம் தரலாமா என்று கேட்க வேண்டும்.