வெயில் எந்தப் பக்கம்?

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, பெட்டியில் விதையோ மண்ணோ செடியோ இருக்கிறதா என்பதுதான். இருந்தது. அம்மா துணியில் முடிந்து கொடுத்த ஐந்து பொட்டலங்கள். படிவத்தில் ஒளிக்காமல் எழுதியிருந்தேன், அதனால் அபராதம் எதுவும் இல்லை. ஆனால் தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதை உள்ளே போக முடியாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்போது அதில் உள்ள நியாயம் புரிகிறது. விதைக்குள் வைரஸ் இருக்கலாம், ஒரு பிடி மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் இருக்கலாம், அந்த நோயெல்லாம் இந்தப் பக்கத்துப் பயிருக்குப் பழக்கமே இருக்காது. புதிதாகக் கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விதையைக் கொண்டுவராதீர்கள், தெரியாமல் வந்துவிட்டால் மறைக்காதீர்கள். விதை இங்கேயும் கிடைக்கும்.

எனக்கு உதவாமல் போனது, செடி வளர்ப்பதில் சின்ன வயதிலிருந்து ஊறிப்போயிருந்த கணக்கு. எப்போது விதைப்பது, எங்கே வைப்பது, எத்தனை நாளில் பறிப்பது என்று கை தானாகச் செய்கிற எதுவும் இங்கே செல்லவில்லை.

நாங்கள் குடியேறியது ஒரு வாடகை வீடு. பின்பக்கச் சுவரை ஒட்டி நாலு தொட்டி வைத்தேன். நல்ல மண் கலவை, இயற்கை உரம், அளவான தண்ணீர். முளைத்தது எல்லாம் நூல் மாதிரி நீண்டு, வெளிறி, சாய்ந்துவிட்டது. நான் உரம், தண்ணீர் என்று போனில் புலம்புவதைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெயில் எந்தப் பக்கம்டி விழுது?"

அதைத்தான் நான் பார்க்கவே இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே போகும், சுவர் நிழலைப் பெரிதாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வடக்கே தள்ளியிருக்கும் நாட்டில் அது வருடம் முழுக்கத் தெற்குப் பக்கமாகச் சாய்ந்துதான் நகர்கிறது, குளிர்காலத்தில் இன்னும் தாழ்வாக. என் பின்பக்கச் சுவர் வடக்கே பார்த்த சுவர். அங்கே வெயிலே விழவில்லை. (பூமியின் தென்பாதியில் குடியேறியவர்களுக்கு இது அப்படியே தலைகீழ், அவர்களுக்கு வடக்குப் பக்கம்தான் வெயில்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனேன். காலை 9 மணிக்கு வேலியின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு, 11 மணிக்கு ஒரு கோடு, 1 மணிக்கு, 3 மணிக்கு. சாயங்காலம் பார்த்தால் தரையெல்லாம் கோடு, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் கோடே இல்லை. அதுதான் என் தோட்டம் என்று முடிவாயிற்று. தக்காளி, மிளகாய், கத்தரி மாதிரி காய்க்கிற செடிகளுக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் 4 மணி நேரத்திலும் சமாளித்துக்கொள்ளும். இயற்கை உரத்தைப் பற்றி யார் எவ்வளவு சொன்னாலும், இந்தக் கோடு போடும் வேலையை முதலில் செய்துவிடுங்கள். செலவே இல்லை.

மண்ணைப் பார்க்கவும் ஒரு எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் சில மணி நேரத்தில், களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். என் ஜாடி இரண்டு நாள் கழித்தும் கலங்கலாகவே இருந்தது. அவ்வளவு களி. அதில் மணலைக் கொட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செங்கல் மாதிரி இறுகிவிடும். களிமண்ணைத் திறப்பதற்கு மட்கிய இலைதழைதான் மருந்து. இன்னொன்று, வீடு மிகப் பழையதாக இருந்தால் சுவரையொட்டிய மண்ணில் பழைய பெயின்ட்டிலிருந்து உதிர்ந்த ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. அதுவரை தொட்டியிலோ, பலகை அடித்து உயர்த்திய பாத்தியிலோ வெளியிலிருந்து வாங்கிய மண்ணைப் போட்டு வளர்க்கலாம்.

மட்கு உரம் போடும் முறையைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உட்காரவைத்தது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி செய்து, அங்கே உருவாக்கிய மட்கு முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர் வைத்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர் நம் பக்கத்து விவசாயிகளிடமிருந்து கற்றுக்கொண்டதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். உலகம் முழுக்க இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அந்நிய மண்ணில் உட்கார்ந்து இதைப் படித்தபோது, நான் முழுக்கப் புதிய பாடம் படிக்கவில்லை என்று ஒரு தெம்பு வந்தது.

முறை கஷ்டமில்லை. காய்கறித் தோல் மாதிரி ஈரமான பச்சைக் கழிவு ஒரு வாளி போட்டால், காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு மூன்று வாளி போட வேண்டும். கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்று இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள கணக்கு. ஈரம், பிழிந்த ஸ்பாஞ்ச் அளவுக்கு. நாற்றம் வந்தால் காய்ந்தது போதவில்லை என்று அர்த்தம், கிளறி இலை சேருங்கள். குவியல் ஒரு கன மீட்டர் அளவுக்கு இருந்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். வீட்டுத் தொட்டி அவ்வளவு சூடாகாது, மெதுவாகத்தான் மட்கும். குளிர்காலத்தில் என் தொட்டி கல்லாக உறைந்து கிடந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடப் பார்த்தேன். நல்லவேளை கொட்டவில்லை. பனி விட்டதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டது.

சொந்த உரம் தயாராகும்வரை பொறுக்க முடியாமல் நான் செய்த ஒரு காரியம் முதல் வருடத் தக்காளியை முழுக்கக் கெடுத்தது. ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் இலவசமாகச் சாணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு எட்டு மூட்டை கொண்டுவந்தேன். நன்றாக மட்கியது, கறுப்பு நிறம், வாசனைகூட மண் வாசனை. பாத்தி முழுக்கப் போட்டு நாற்று நட்டேன். பத்து நாளில் தக்காளியின் நுனி இலைகள் பெரணி மாதிரி சுருண்டு மடங்கின. பக்கத்தில் இருந்த பீன்ஸ் இலைகள் கிண்ணம் போலக் குவிந்தன. வைரஸ் என்று நினைத்தேன், பூச்சி என்று நினைத்தேன், தண்ணீர் கூடிப்போயிற்று என்று நிறுத்தினேன். ஆனால் அதே பாத்தியில் புல் மட்டும் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் புல்தான் விடை. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் களைக்கொல்லிகள் இருக்கின்றன. அமினோபைரலிட் அவற்றில் ஒன்று. மேய்ச்சல் நிலத்தில் அதை அடிப்பார்கள். வைக்கோலில் ஒட்டியிருக்கும், அதைத் தின்ற குதிரைக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே சாணத்தில் இறங்கிவிடும். மட்கிய பிறகும் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் மிகக் குறைந்த அளவைக்கூடத் தாங்காது. பண்ணைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் வைக்கோலை வெளியில் வாங்குகிறவர், இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இயற்கை உரம் என்ற பெயரைக் கேட்டதுமே நம்பிவிடக் கூடாது என்பதை அன்றைக்கு உணர்ந்தேன். எங்கிருந்து வந்தது, அந்த மாடோ குதிரையோ எதைத் தின்றது என்று கேட்க வேண்டும்.

கேட்டும் தெரியாவிட்டால் விதையிடம் கேட்கலாம். இப்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் எந்த உரத்தையும் இப்படித்தான் சோதிக்கிறேன். மூன்று சின்னத் தொட்டிகளில் உரமும் நல்ல மண் கலவையும் சம அளவு, வேறு மூன்றில் வெறும் மண் கலவை. எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்கு வடியாமல் தள்ளி வைத்துவிட்டு மூன்று வாரம் காத்திருப்பேன். இரண்டு பக்கத்து இலையும் ஒரே மாதிரி விரிந்தால் பாத்திக்குப் போகும். கெட்டுப்போன அந்த எட்டு மூட்டையை, அனுமதி கேட்டு, புல் மட்டும் வளரும் ஒரு நிலத்தில் பரப்பிவிட்டு வந்தேன்.

காலக் கணக்கும் குழப்பியது. இங்கே எல்லோரும் கடைசி உறைபனி என்று ஒரு தேதியைச் சொல்கிறார்கள், குளிர் முடிந்து வசந்தத்தில் கடைசியாகப் பனி உறையும் நாள். அதிலிருந்து பின்னோக்கி 6 முதல் 8 வாரம் எண்ணி, தக்காளி விதையை வீட்டுக்குள்ளேயே போட வேண்டும். நாற்றை நேராக வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்கிவிட்டு நட வேண்டும். கோடையில் இன்னொரு அதிசயம். பாலக்கீரை இரண்டு கை பறித்ததும் தண்டு உயர்ந்து பூத்துவிட்டது. உரம் போதவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கிற செடி. பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பூக்கிற வேலையைத் தொடங்கிவிடும். எங்களுக்குக் கோடையில் பகல் 16 மணி நேரம். ஆகவே பாலக்கீரை வசந்தத்தின் தொடக்கத்திலும், கோடை இறங்கிய பிறகும்தான்.

பூச்சி விஷயத்தில் நான் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினி வந்தால் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்த்துவிட்டுக் காத்திருக்கிறேன். இலையில் கறுப்பும் ஆரஞ்சுமாக, சின்ன முதலைபோல ஊர்கிற புழுவைப் பார்த்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு மூதாட்டிக்கும் எனக்கும் பொதுவாகச் சில நூறு வார்த்தைகள்தான் இருக்கும். முதல் வருட இலையுதிர்காலத்தில், நான் பாத்தியைக் காலி செய்துகொண்டிருப்பதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். உள்ளே போய் ஒரு முழுப் பூண்டைக் கொண்டுவந்து கையில் வைத்து, கூர் முனை மேலே என்று விரலால் காட்டினார். இந்தக் குளிரில் விதைப்பதா என்று நினைத்தேன். பல்பல்லாகப் பிரித்து, ஒரு சாண் இடைவெளியில், நடுவிரல் ஆழத்துக்கு ஊன்றி, மேலே காய்ந்த இலையை ஒரு முழம் உயரத்துக்கு மூடாக்காகப் போட்டோம். பூண்டுக்குச் சில வாரக் குளிர் கட்டாயம் வேண்டும் என்றும், அது கிடைக்காவிட்டால் பல்லாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும் என்றும் பிறகு படித்தேன்.

நாலு மாதம் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. பனி உருகிய வாரம், இலை மூட்டத்தைக் கையால் விலக்கினேன். இலை எட்டில் ஒரு பங்கு உயரத்துக்கு அமுங்கி, அடியில் கறுத்து நைந்துபோயிருந்தது. முன்பு ஜாடியில் தெளியாத அந்தக் களிமண் விரலுக்குப் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு மண்புழுக்கள் வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டன. வரிசை தப்பாமல் இருபத்திரண்டு பச்சை முனைகள். வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்துக் கூப்பிட்டேன்.