வியாழனுக்கு ரெண்டு சிவப்புப் புள்ளி

வியாழனை எல்லாரும் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து வரைவோம், போட்டியாகவே வைத்துவிடுவோம் என்று கிளப்பிவிட்டவர் எங்கள் குழுவில் இருக்கும் கண் டாக்டர். இப்போது எல்லாரும் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி ஆயிரக்கணக்கில் பிரேம் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் அடுக்கித் துலக்கிப் படம் போடுகிறார்கள், கண்ணை வைத்து ஒருத்தரும் கோளைப் பார்ப்பதே இல்லை என்று அவருக்கு ரொம்ப நாள் ஆதங்கம். கண் டாக்டருக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

இடம், கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறைப் பக்கம் ஒரு தோட்டம். குழுவில் உள்ள இன்ஜினியர் தம்பியின் மாமாவுடையது. முதல் பரிசு அஞ்சு கிலோ மலைப்பூண்டு. சிரிக்காதீர்கள், புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது, கடையில் விலையைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் ஏன் அத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்று.

நடுவர் யார் என்பதில்தான் முதல் சண்டை. எங்கள் ஆட்களில் ஒருவரைப் போட்டால் தன்னிடம் இருக்கும் தொலைநோக்கி எந்த ரகமோ அந்த ரகத்தில் பார்த்தவனுக்குத்தான் மார்க் போடுவார். அதனால் வெளியாள் வேண்டும் என்று வத்தலக்குண்டிலிருந்து ஓய்வுபெற்ற ட்ராயிங் மாஸ்டர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். வாழ்நாளில் தொலைநோக்கியைத் தொட்டதில்லை, ஆனால் பென்சில் பிடித்த கையைப் பார்த்தே ஆளை எடை போடுவார். எனக்கு வேலை நேரம் குறிப்பது. யார் எத்தனை மணிக்குத் தொடங்கினார், எப்போது முடித்தார் என்று அவரவர் தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், வியாழன் ஒரு இடத்தில் நிற்காது. அவ்வளவு பெரிய கோள், பத்து மணி நேரம்கூட ஆகாமல் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. மணிக்கு 36 பாகை. அரை மணி நேரம் யோசித்து யோசித்து வரைந்தால் தொடங்கும்போது நடுவில் இருந்தது முடிக்கும்போது ஓரம் போய்க்கொண்டிருக்கும். ஆகவே இருபது நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், முதலில் மேகப் பட்டைகள், உடனே பெரிய சிவப்புப் புள்ளி என்கிற அந்தப் புயல், விவரமெல்லாம் கடைசியில் என்று டாக்டர் விதி போட்டார்.

விதியோடு நிறுத்தியிருக்கலாம், பிரசங்கமும் செய்தார். செவ்வாயில் கால்வாய் கால்வாயாகக் கோடு போட்ட அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவலைப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே லோவல் வெள்ளிக் கோளையும் வரைந்தார், நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் கோடுகளோடு. வெள்ளியிலோ மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் தொலைநோக்கியின் வாயைச் சின்னதாக மறைத்துக்கொண்டு பார்த்ததில், தன் விழித்திரையின் ரத்தக் குழாய் நிழலையே பார்த்து வரைந்திருக்கலாம் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். டாக்டருக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே! “தெரிஞ்சதை வரையாதீங்க, தெரியறதை வரைங்க” என்று முடித்தார். ஜவுளிக்கடை அண்ணன் பக்கத்தில் இருந்தவரிடம், ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்டது எனக்குக் கேட்டது.

தாள் விஷயத்துக்கு வருகிறேன். வியாழன் முழு வட்டம் கிடையாது, வேகமாகச் சுற்றுவதால் நடுவில் பிதுங்கி மேலும் கீழும் சப்பையாக இருக்கும். குறுக்கே 1,42,984 கிலோமீட்டர், துருவத்துக்குத் துருவம் 1,33,708. டாக்டர் இதை அளந்து கணக்காக ஒரு முட்டை வட்டம் வரைந்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருந்தார். கடைக்காரத் தம்பி பாவம், நல்ல எண்ணம்தான், சார் வட்டத்தைக் கோணலாகப் போட்டுவிட்டார் என்று கம்ப்யூட்டரில் சரிசெய்து, காம்பஸ் வைத்தாற்போல் அட்டகாசமான வட்டமாக ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார். மேலே வந்து கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. டாக்டர் பேசவே இல்லை. மாஸ்டர் மட்டும் ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “வட்டம் நல்லா வந்திருக்கே, யார் போட்டது?” என்றார்.

தை மாசக் குளிர். வியாழன் மிதுனத்தில், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வந்து சில நாள்தான் ஆகியிருந்ததால் இருட்டும்போதே கிழக்கே ஏறி ஜொலித்தது. எட்டு அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் வைத்த நியூட்டோனியன் கண்ணாடித் தொலைநோக்கி) மூன்று, கண்ணாடியும் லென்ஸும் சேர்ந்த குட்டை ரகமான சின்ன மாக்சுடோவ் ரெண்டு, இன்ஜினியர் தம்பியின் நீளமான லென்ஸ் தொலைநோக்கி ஒன்று என்று களத்து மேட்டில் வரிசையாக வைத்தார்கள். செல்போன் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி எல்லார் முகமும் சிவப்பு.

தோட்டக் காவலுக்கு இருக்கும் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். என்னத்தைப் பார்க்கிறீங்க என்றார், குருவை என்றோம். அவர் கொஞ்சம் யோசித்தார். “குரு பார்த்தா கோடி நன்மைம்பாங்க. நாம குருவைப் பார்த்தா என்ன கிடைக்கும்?” அஞ்சு கிலோ பூண்டு என்று சொன்னேன். அது இந்தத் தோட்டத்துப் பூண்டுதானே, அதுக்கு எதுக்கு மேலே பார்க்கணும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னோம். இருநூறு மடங்கு பெருக்கத்தில், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவைப்போல அஞ்சு மடங்கு தெரியும், ஆனால் யாரும் அதை நம்ப மாட்டார்கள், எல்லாருக்கும் பட்டாணி அளவுதான் தெரியும். மாஸ்டரும் கண்ணை வைத்தார், எடுத்தார், “இவ்வளவுதானா?” என்றார். பிறகு மறுபடி வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் இரும ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தார்.

பனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே பனி பெய்யும்போது தாள் நமுத்துவிடும். நமுத்த தாளில் 2பி பென்சில் வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும், ரப்பர் வைத்தால் தாள் திரிதிரியாகச் சுருண்டு வரும். தேனியிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்திதான் சமாளித்தாள். அட்டையின் அடியில் சுடுதண்ணீர் பையை வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையிலிருந்து சுண்டுவிரல் நுனியை மட்டும் வெளியே நீட்டி, அந்த நுனியால் பட்டையின் விளிம்பை மெல்லத் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினாள். மற்றவர்களுடையது தார் ரோடு.

எட்டே முக்கால் வாக்கில் நம் மேனேஜர் சார், வங்கியில் ரிட்டயர் ஆனவர், அருமையாக ஆரம்பித்திருந்தார். பெரிய சிவப்புப் புள்ளி ஓரத்திலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. பெரிய என்று பெயர்தானே தவிர, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மூன்று பூமி அடங்கும் என்று இருந்தது இப்போது சுருங்கிச் சுருங்கி ஒரு பூமியைவிடச் சற்றுத்தான் பெரிது. அதைக் கண்டுபிடிக்கவே பொறுமை வேண்டும். கண்டுபிடித்து, வரைந்து, பட்டைக்கு ஷேடிங் கொடுக்கப் போகிற நேரத்தில் பெரியவர் வரப்பிலிருந்து சத்தம் வராமல் கையைக் காட்டினார்.

காட்டுமாடு. ஒற்றைக் கிடா. வேலி திறந்திருந்த பக்கமாக வந்து, டாப்சோனியன் வரிசைக்கும் வீட்டுக்கும் நடுவே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது சாதாரணம், லைட் அடிக்காதே, ஓடாதே, சத்தம் போடாதே, அதுவாகப் போகும். எங்கள் ஆட்கள் நின்ற நிலையிலேயே நின்றார்கள். ஜவுளிக்கடை அண்ணன் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே. மேனேஜர் சார் பிளாஸ்டிக் ஸ்டூலில், கையில் பென்சிலோடு, மாட்டுக்கும் அவருக்கும் நடுவே அந்தக் குழாய் மட்டும். யாரோ அணைக்க மறந்த சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் அதன் மூக்கிலிருந்து ஆவி புஸ்புஸ்ஸென்று வருவது தெரிந்தது. அது அவசரமே இல்லாமல் வரப்புப் புல்லை மேய்ந்தது. மேய்ந்து முடித்துவிட்டு நின்று யோசித்தது. மறுபடி மேய்ந்தது.

அது நகர்ந்து காட்டுப் பக்கம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள், சூடாக ஆளுக்கொரு காபி, அப்புறம் விட்ட வேலை.

காலையில் வெயில் வந்ததும் தாள்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். முதல் சுற்று முடிந்ததும் திரும்பி எங்களைப் பார்த்தார். “ஒரே ஆளை வரையச் சொன்னா சில பேர் கண்ணை நெத்தியில வெச்சிருக்கீங்க, சில பேர் தாடையில, இவரு கன்னத்துல வெச்சிருக்காரு. எப்படி?”

டாப்சோனியன் போன்ற நியூட்டோனியன் ரகத்தில் படம் தலைகீழாகும், மாக்சுடோவில் மூலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இடம் வலம் மாறும் என்று டாக்டர் விளக்கினார். கன்னத்துக்கும் காரணம் இருக்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இங்கே கோள்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், கிழக்கே இருக்கும்போது வியாழனின் பட்டைகளும் நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பாக்காரர்கள் போட்ட படங்களைப் பார்த்துப் பழகினவர்களுக்கு இது பிடிபடாது. தாளில் முட்டை வட்டம் இருந்திருந்தால் சப்பைப் பக்கத்தை வைத்துத் திசை பிடித்திருக்கலாம், ஜெராக்ஸ் தம்பியின் புண்ணியத்தில் அதுவும் போயிற்று. மாஸ்டர் கேட்டுக்கொண்டார், நம்பின மாதிரித் தெரியவில்லை.

இன்ஜினியர் தம்பி உலக நேரத்தில்தான் எழுதுவேன் என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 15.30 என்று போட்டிருந்தான். அதாவது நமக்கு ராத்திரி ஒன்பது. “மத்தியானம் மூணரைக்கு வெயில்தானே அடிக்கும்?” என்று மாஸ்டர் ரெண்டு மார்க் குறைத்தார். ஜவுளிக்கடை அண்ணன் நாலு நிலாவையும் போட்டிருந்தார். அன்றைக்குத் தெரிந்தது மூன்று, ஒன்று கோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. டாக்டர் அதட்டவும், “நாலுன்னுதானே படிச்சோம், ஒண்ணு குறைஞ்சா நான் தொலைச்சேன்னு சொல்லுவீங்க” என்றார்.

பிறகு மேனேஜர் சார் தாள். சத்தியமாக அழகான படம். பட்டை, விளிம்பு இருட்டு, எல்லாம் கச்சிதம். ஆனால் அதில் ரெண்டு சிவப்புப் புள்ளி. ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று.

“ரெண்டையும் ஒரே நேரத்துல பார்த்தீங்களா சார்?”

“இல்லை டாக்டர். ஒண்ணு மாட்டுக்கு முன்னாடி, ஒண்ணு மாட்டுக்குப் பின்னாடி.”

இன்ஜினியர் தம்பி துள்ளினான். வானியலாளர் எவர்ஷெட் இதே கொடைக்கானலில் 1909இல் சூரியப் புள்ளியைப் பார்த்து, அதிலிருந்து வாயு வெளிப்பக்கம் ஓடுவதைக் கண்டுபிடித்து ஊருக்கே பெயர் வாங்கித் தந்தார், நீங்க அதே மலையில உட்கார்ந்து இருக்கிற ஒரு புள்ளியை ரெண்டாக்கிட்டீங்களே என்றான். அதோடு இருபது நிமிஷ விதியும் போச்சு என்றான். மேனேஜர் சார் அசரவில்லை. மாடு நின்ற நேரத்தில் நான் பென்சிலைத் தாளில் வைக்கவே இல்லை, அதைக் கழித்தால் மொத்தம் பதினெட்டு நிமிஷம், வேண்டுமானால் கணக்குப் பாருங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டினார். தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது, முதல் புள்ளி 8.40, ரெண்டாவது 9.50.

டாக்டர் அந்த ரெண்டு எண்ணையும் பார்த்தார். சட்டென்று ஸ்கேல் கேட்டார். நடுப்புள்ளியிலிருந்து ஓரப்புள்ளி எவ்வளவு தள்ளி, வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்று அளந்து, போனில் சைன் தட்டி, நாற்பது பாகை வருகிறது என்றார். எழுபது நிமிஷத்தில் நாற்பது பாகை என்றால் முழுச் சுற்றுக்கு அதுபோல ஒன்பது மடங்கு, 630 நிமிஷம், பத்தரை மணி நேரம். உண்மையான கணக்கு 9 மணி 55 நிமிஷம். 1665இல் வானியலாளர் காசினி இப்படித்தான் வியாழனில் தெரிந்த புள்ளிகளைத் தொடர்ந்து பார்த்து 9 மணி 56 நிமிஷம் என்று சொன்னார். மேனேஜர் சார் மாட்டுக்குப் பயந்துகொண்டே அரை மணி நேரப் பிசகில் சொல்லியிருக்கிறார்.

“காசினிக்கு மாடு வரலை” என்றார் மேனேஜர் சார்.

இந்தக் கணக்கு எதுவும் மாஸ்டர் காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே அந்தத் தாளில் முதல் பரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், ரெண்டு புள்ளியும் அச்சு மாதிரி ஒரே அளவில் வந்திருக்கிறது, கை நிதானம் அப்படி என்பதற்காக. தேனிப் பெண்ணுக்கு ரெண்டாவது. அவளுடையதுதான் நிஜமான வியாழன் என்று நான் இப்போதும் சொல்வேன், ஆனால் நடுவர் தீர்ப்பு தீர்ப்புதான். ரெண்டாவது பரிசு கேரட்.

கிளம்பும்போது டாக்டர் அடுத்த போட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்தது சனி, வளையம் 2025 மார்ச்சில் கோடாக ஒடுங்கிப் போய் இப்போதுதான் மெல்ல விரிகிறது, வரைய அருமையான சமயம் என்றார். பூண்டு மூட்டையை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சனியவா? அதை ஊர்ல ஒருத்தனும் தேடிப் போய்ப் பார்க்க மாட்டானேய்யா. பார்க்கிறதுன்னா அடுத்த தோட்டத்துல வெச்சுப் பாருங்க.”