காரணத்தையும் சொல்லும் விதிகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பலர் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடுவதில் அவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை. ஒரு தரவைக் கையில் கொடுத்து, இதற்கு எந்தச் சோதனை பொருந்தும், ஏன் பொருந்தும் என்று கேட்கும்போதுதான் வகுப்பு தயங்கி நிற்கிறது. வல்லுநர் அமைப்புகளைப் பற்றிப் படிக்க என்னைத் தூண்டியது இந்தத் தயக்கமே.

ஒரு துறையில் தேர்ந்தவரின் அறிவை ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளாகச் சேர்த்து வைத்து, பயனரிடம் கேள்விகள் கேட்டு முடிவுக்கு வரும் கணினி நிரலே வல்லுநர் அமைப்பு. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின், நோய்த்தொற்றுக்கு ஏற்ற மருந்தை இவ்வாறு பரிந்துரைத்தது. அது கேட்கும் கேள்விக்கு ‘ஏன்’ என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால், எந்த விதியைச் சரிபார்ப்பதற்காகக் கேட்டது என்று காட்டியது. 1980களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் வில்லியம் கேலும் டேரில் பிரெகிபானும் ஒரு மாறி மற்றொன்றைச் சார்ந்து எப்படி மாறுகிறது என்று கணிக்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வுக்காக (regression) ரெக்ஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். விலகி நிற்கும் புள்ளிகள் உண்டா, உறவு நேர்கோட்டில் செல்கிறதா, சிதறல் எங்கும் ஒரே அளவில் இருக்கிறதா என்று தேர்ந்த புள்ளியியலாளர் பார்ப்பவற்றை அதுவும் பார்த்தது. பாடநூல்கள் சூத்திரத்தைத் தருகின்றன. எதற்கு அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கைப் பெரும்பாலும் ஆசிரியரிடம் விட்டுவிடுகின்றன.

விதிகள் நிறைந்திருப்பதாலேயே ஓர் அமைப்பு நல்ல ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. மைசினின் விதிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும் கைடன் என்ற அமைப்பை உருவாக்கிய வில்லியம் கிளான்சி, 1983இல் வெளியான தம் கட்டுரையில் ஒரு விதியை எடுத்துக்காட்டினார்: எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து வளரும் பற்களில் படிந்து கறை உண்டாக்கும் என்ற காரணம் விதிக்குள் எங்கும் இல்லை. மருந்தைத் தேர்ந்தெடுக்க விதியே போதும். ஆனால் கற்பவருக்கு, அந்த விதியை எப்போது தளர்த்தலாம் என்று முடிவு செய்யக் காரணம் வேண்டும்.

நம் பாடத்திலும் இப்படிப்பட்ட விதிகள் உண்டு. இரு பண்புகளுக்குத் தொடர்பு உண்டா என்று எண்ணிக்கைகளைக் கொண்டு பார்ப்பது கை வர்க்கச் சோதனை (chi-square); தொடர்பே இல்லையென்றால் எதிர்பார்க்கும் நிகழ்வெண் 5க்குக் குறைந்தால் அதைப் பயன்படுத்தாதே என்பதை எல்லா மாணவர்களும் ஒப்பிக்கிறார்கள். அந்தச் சோதனையில் கை வர்க்கப் பரவல் ஒரு தோராயமாகவே பயன்படுகிறது, நிகழ்வெண்கள் சிறுத்தால் தோராயம் பிசகுகிறது என்று அறிந்தவருக்குத்தான், அட்டவணையின் ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் நிகழ்வெண் 4.8 என்று வந்தால் பதற வேண்டியதில்லை என்பதும் தோராயம் இல்லாமல் நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடும் ஃபிஷரின் துல்லியச் சோதனை எதற்காக இருக்கிறது என்பதும் புலப்படும்.

ஆகவே, ஆயத்தமான அமைப்பு ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து அது சொல்லும் சோதனையைச் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விதிகளை அவர்களே தமிழில் எழுத வேண்டும், ஒவ்வொரு விதிக்கும் கீழே ‘ஏன்’ என்பதற்கான விடையையும் எழுத வேண்டும் என்பதே என் முறை. அவற்றை, விதிகளாகவே நிரல் எழுத உதவும் பிரோலாக் என்ற கணினி மொழியில் சிறு நிரலாக மாற்றுவது அதற்குப் பிந்திய வேலை; அதில் பெரிய சிரமம் இல்லை.

எங்கள் பகுதியில் கறவை மாடு வளர்க்கும் வீடுகள் அதிகம் என்பதால், பால் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். பத்து மாடுகளின் பாலைப் பழைய தீவனத்தில் ஒரு முறையும் புதிய தீவனத்தில் ஒரு முறையும் அளந்ததாக வைத்துக்கொள்வோம். மாட்டுக்கு மாடு கறவை வேறுபடுவதால் இரு அளவுகளிலும் திட்ட விலக்கம் 3 லிட்டர். சராசரி உயர்வு அரை லிட்டர். அந்த உயர்வுகளின் திட்ட விலக்கமும் அரை லிட்டர். ‘எண் அளவீடு, இரண்டு தொகுதிகள், எனவே சார்பற்ற இரு மாதிரி டி சோதனை’ என்ற விதியைப் பின்பற்றினால், சராசரிகளின் வேறுபாட்டைத் தற்செயல் ஏற்றத்தாழ்வோடு ஒப்பிடும் டி மதிப்பு ஏறத்தாழ 0.37 மட்டுமே வரும். வேறுபாட்டைத் தற்செயல் அல்ல என்று 5 விழுக்காட்டு நிலையில் ஏற்கத் தேவைப்படுவது 2.101. அதே தரவை, ஒவ்வொரு மாட்டின் இரு அளவுகளையும் இணைசேர்த்துச் சோதித்தால் டி மதிப்பு 3.16 ஆகிறது, அங்கே 2.262ஐத் தாண்டினால் போதும். ‘இரண்டாவது அளவும் அதே மாடுகளிலிருந்து எடுத்ததா?’ என்ற ஒரு கேள்வி முடிவையே மாற்றிவிடுகிறது. அதன் ‘ஏன்’ பகுதியில் மாணவர்கள் எழுத வேண்டியது, ஒவ்வொரு மாட்டையும் அதனுடனேயே ஒப்பிடும்போது மாடுகளுக்கு இடையிலான வேறுபாடு கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது என்பதையே. இதைச் சொந்தச் சொற்களில் எழுதிய மாணவர், பிறகு அதே ஆட்களிடம் இரு முறை எடுத்த இரத்த அழுத்தத் தரவைக் கொடுத்தாலும் சரியாகவே அணுகுகிறார்.

இத்துடன் விதிகள் முடிந்தன என்று நான் கருதியிருந்த நேரத்தில், மாடு வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருவர் மேலும் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்: மாடுகள் ஈன்று எத்தனை மாதம் ஆகிறது? ஈன்ற சில வாரங்களில் கறவை உச்சத்துக்கு வந்து, பின்பு மெல்லக் குறையும். முதல் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே இந்த மாற்றம் நடந்திருந்தாலோ, இடையில் மழை பெய்து பசும்புல் கிடைத்திருந்தாலோ, டி மதிப்பு எவ்வளவு பெரிதாக வந்தாலும் அதைத் தீவனத்தின் பலன் என்று சொல்ல முடியாது. எந்தச் சோதனையாலும் ஈடுகட்ட முடியாத குறை இது.

அவர் சொன்ன கேள்வி இப்போது எங்கள் விதித் தொகுப்பின் முதலிடத்தில், சோதனையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்னால் இருக்கிறது. அதற்குத் தக்க விடை கிடைக்காவிட்டால் நிரல் எந்தச் சோதனையையும் பரிந்துரைப்பதில்லை; பாதி மாடுகளுக்குப் புதிய தீவனத்தை முதலிலும் மீதி மாடுகளுக்குப் பழையதை முதலிலும் கொடுத்து, பிறகு மாற்றிக் கொடுத்து அளந்து வரும்படி சொல்கிறது.