கை எங்கே?

லீட்ஸிலிருந்து என்ன வாங்கி வந்தாய் என்று யாராவது கேட்டால் வலது கட்டைவிரலைத்தான் நீட்டுகிறேன். நகம் இன்னும் கருநீலமாகத்தான் இருக்கிறது.

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் லீட்ஸ். ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத, கவச அருங்காட்சியகத்தைப் பார்க்கத்தான் போனேன். ஐரோப்பிய வாள்பயிற்சிச் சுவடிகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அவர்களிடம் இருக்கிறது. ஐ.33 என்று வரிசை எண்ணாலேயே அதை அழைக்கிறார்கள். 1300ஐ ஒட்டிய காலம், ஜெர்மனியின் பிராங்கோனியா பகுதி, 32 தோல் ஏடுகள், படத்துக்குப் படம் லத்தீன் விளக்கம். வாத்தியார் யார் தெரியுமா? தலையில் வட்டமாக மழித்த ஒரு பாதிரியார். எதிரே நிற்பவன் அவருடைய மாணவன்.

அருங்காட்சியகத்துக்கு முந்தைய நாள் மாலை, ஊரில் ஒரு சிறிய குழு இந்தச் சுவடியை வைத்துப் பழகுவதாகக் கேள்விப்பட்டு, புதியவர்களுக்கான வகுப்புக்குப் போய் நின்றேன். கம்பி வலை முகமூடி, யாரோ போட்டுப் போட்டு வியர்வை ஊறிய தடித்த கையுறை, முனை மழுங்கிய இரும்பு வாள். அப்புறம் பக்லர் என்ற கேடயம். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவுதான், ஒரு அடி விட்டம். பின்பக்கம் ஒரே ஒரு கைப்பிடி. இது எந்த உடம்பை மறைக்கும்?

பழைய ராஜா ராணிப் படங்களில் பார்த்த மாதிரி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாளை ஓங்கினேன். பயிற்சியாளர் அம்மா அவசரமே இல்லாமல் என் கட்டைவிரலில் ஒரு தட்டு தட்டினார். கையுறையையும் மீறி சுரீர் என்றது. "உங்கள் கை எங்கே?" என்றார்.

பக்லர் நெஞ்சைக் காக்க வந்ததல்ல, வாள் பிடித்த கையைக் காக்க வந்தது. அந்தக் காலத்து ஒற்றைக் கை வாளில் விரல்களுக்கு முன்னால் குறுக்குக் கம்பி ஒன்றுதான். வேறு மறைப்பு கிடையாது. வீசும்போது எதிரிக்கு முதலில் எட்டுவது நம் கைதான். அதனால் வாள் போகும் இடமெல்லாம் கேடயமும் கூடவே போக வேண்டும். இரண்டு கையையும் ஒன்றாக முன்னே நீட்டி, வாள்முனையை மேலே சாய்த்து நிற்கும் நிலைக்குச் சுவடியில் 'ஹால்ப்ஷில்ட்' என்று பெயர், அதாவது அரைக்கேடயம். லத்தீனுக்கு நடுவே இப்படி ஜெர்மன் சொற்கள் எட்டிப் பார்க்கின்றன.

கேட்க எளிது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கொஞ்சம் அசந்தால் இடது கை தானாக இடுப்புக்கு இறங்கிவிடும், உடனே "கை எங்கே?" என்ற குரல். ஒருமணி நேரத்தில் ஒரே ஒரு வரிசைதான் பழகினோம். என் வாள் அவருடைய வாளை மேலிருந்து அழுத்த வேண்டும். அழுத்தம் விடாமல் ஒரு எட்டு முன்னே வைத்து, பக்லரால் அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்து முட்டித் தள்ள வேண்டும். அந்த நொடியில் என் வாள் விடுபட்டுத் தலைக்குப் போகும். 'ஷில்ட்ஸ்லாக்', கேடய அடி. பத்துப் பதினைந்து முறை சொதப்பிய பிறகு ஒரே ஒரு தடவை 'டங்' என்று சரியாக விழுந்தது. அவர் கைகள் இரண்டும் அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. என் மாமியார் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆற்றோரமாக நடந்தே அருங்காட்சியகம் போனேன். உள்ளே போக டிக்கெட் இல்லை. மாடிப்படியைச் சுற்றிச் சுவர் முழுக்க வாளும் கவசமுமாக அடுக்கிய கோபுரத்தில் எல்லோரும் அண்ணாந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாள்களின் கைப்பிடிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவடியும் லேசுப்பட்டதல்ல. ஜெர்மனியின் கோத்தாவில் இருந்தது, இரண்டாம் உலகப்போரில் காணாமல்போய், 1950இல் லண்டனில் ஏலத்துக்கு வந்து இவர்கள் கைக்குச் சேர்ந்திருக்கிறது.

திரும்பும் ரயிலில் செல்பேசியில் அதன் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன், இடது கையால். கடைசிப் பக்கங்களில் மாணவன் இல்லை. அவன் இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண், தரை தொடும் அங்கியோடு பாதிரியாருக்கு எதிரே நிற்கிறாள். விரலால் படத்தைப் பெரிதாக்கி முதலில் அவள் கையைத்தான் தேடினேன்.