4கே சரி, எத்தனை ஹெர்ட்ஸ்?

"தம்பி, புது மானிட்டர்ல மவுஸ் இழுத்து இழுத்துப் போகுது" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது திரையில் படம் விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றுதான். மலேசியாவில், எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (அப்பா காலத்து ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) இப்படிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெட்டியின் மேல் 4கே என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், ஹெர்ட்ஸ் எங்கோ பொடி எழுத்தில் கிடக்கிறது, அதை யார் பார்ப்பது?

கடைசியாகக் கூப்பிட்டவர் செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கும் ஓர் அண்ணன். ஆட்களின் வருகையும் சம்பளமும் எழுதும் செக்ரோல் அவர் பொறுப்பு. எக்செல்லில் 1 முதல் 31 வரை நாளுக்கு ஒரு கட்டம், அப்புறம் குலைக் கணக்கு, ஓவர்டைம், ஈபிஎஃப், சொக்சோ பிடித்தங்கள் என்று அது வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். பெயர்ப் பத்தியை நகராமல் நிறுத்தி வைக்கலாம்தான், ஆனால் நம் ஆட்கள் பெயர் த/பெ சேர்த்து அப்பா பெயரோடு வருவதால் அதுவே 14 அங்குலத் திரையில் கால்வாசியைத் தின்றுவிடும். அதனால்தான் சொந்தக் காசில் 27 அங்குல 4கே வாங்கினார். வாங்கியவர் அதை லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில் சொருகினார். படம் வந்தது, கூர்மையாகவும் இருந்தது, ஆனால் எல்லாம் 30 ஹெர்ட்ஸில்.

வாங்கின கடையில் கேட்டதற்கு, தங்க முலாம் பூசிய இன்னும் விலை கூடின கேபிள் வாங்குங்கள் என்றார்களாம். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவரிடம் இருந்த கேபிளே விநாடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும், கோளாறு கேபிளில் இல்லை. லேப்டாப் இன்டெல் 8ஆம் தலைமுறை. அந்தச் சிப்பின் கிராஃபிக்ஸ் நேரடியாகத் தருவது 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4தான். 2013இலேயே 2.0 வந்துவிட்டது என்றாலும், அதைக் கொடுக்கத் தனியாக இன்னொரு சிப் வைக்க வேண்டும், மலிவான ஆபீஸ் லேப்டாப்களில் அதைப் பெரும்பாலும் வைப்பதில்லை. 4கே, அதாவது 3840க்கு 2160 என்றால் ஏறக்குறைய 8.3 மில்லியன் புள்ளிகள், சாதாரண 1080ஐப் போல நான்கு மடங்கு. விநாடிக்கு 10.2 ஜிகாபிட்டோடு நின்றுவிடும் 1.4இல் அதை 30 தடவைதான் அனுப்ப முடியும், 60 தடவைக்கு 2.0 வேண்டும். லாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தோட்டத்துப் பாலம் தாங்குகிற பாரம்தானே போகும்.

சரி, யூஎஸ்பி-சி இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. ஆனால் எல்லா யூஎஸ்பி-சியிலும் படம் வராது, சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட்டின் (எச்டிஎம்ஐ போலப் படம் அனுப்பும் இன்னொரு வழி) டிபி குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்த மாடலின் விவரத்தைத் தேடிப் படியுங்கள். இவருடையதில் டிபி குறி இருந்தது. அப்படியும் ஏற்கெனவே வைத்திருந்த ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) வழியாகப் போட்டால் மறுபடியும் அதே 30!

காரணம் இதுதான்: படம் போக யூஎஸ்பி-சியில் நான்கு பாதைகள் உண்டு, ஹப்பில் வேகமான யூஎஸ்பி 3 துளைகள் இருந்தால் இரண்டை அது எடுத்துக்கொள்ளும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உள்ள பழைய லேப்டாப்பில் மிச்ச இரண்டு 4கே 60க்குப் பற்றாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள புதிய லேப்டாப் என்றால், ஹப்பும் அதற்கு ஏற்றதாக இருந்தால் வந்துவிடும். ஹப் விற்பவர்கள் "4கே சப்போர்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்றைப் போட்டதும் வேலை முடிந்தது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் 60ஐத் தேர்ந்தெடுத்தோம். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் 150 சதவீதம். 100இல் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஊரும், அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 150இல் இடம் 2560க்கு 1440 அளவுதான் கிடைக்கும், ஆனால் ண, ன, ந சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. 31ஆம் தேதியும் அதற்கு அப்பால் குலைக் கணக்கும் ஒரே பார்வையில். "அட, மாசம் முழுக்கத் தெரியுதே" என்றார்.

எச்டிஎம்ஐ 1.4ஐ விட்டால் வேறு வழியே இல்லாத லேப்டாப் என்றால் 2560க்கு 1440 வைத்து 60இல் ஓட்டுங்கள். எழுத்து கொஞ்சம் மங்கும், மவுஸ் இழுக்காது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சும்மா படிக்க மட்டும் என்றால் 4கே 30 போதும்.

இன்னொன்று, மதியத்துக்கு மேல் இடி வரும்போல் இருந்தால், அது தொடங்கும் முன்பே மானிட்டர் பிளக்கையும் லேப்டாப் சார்ஜரையும் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.