ட்ரை சூட்டுக்கு எத்தனை கிலோ ஈயம்?

சீசனுக்கு மட்டக்களப்புப் பாசிக்குடா பக்கம் வருகிற நம்முடைய வெளிநாட்டுப் பிள்ளைகளில் டைவிங் படித்தவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "அண்ணா, நோர்வேயில எனக்குத் தாழுறதுக்குப் பன்னிரண்டு கிலோ ஈயம் கட்டுறாங்க, அப்பவும் தாழுறன் இல்ல. இங்க நாலு கிலோ காணும் என்டு சொல்றீங்க. எப்படி?"

கடல் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். மாறுவது உடம்பைச் சுற்றி இருக்கிற காற்று. இங்கே 28 பாகைத் தண்ணீரில் மூன்று மில்லிமீட்டர் வெட் சூட் (தண்ணீர் உள்ளே ஊறும் ரப்பர் உடுப்பு) போட்டாலே அதிகம், சிலர் ரீசேர்ட்டோடு இறங்குகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் ஐந்தாறு பாகை. தண்ணீர் உள்ளே புகாத ட்ரை சூட்டுக்கு உள்ளே தடித்த கம்பளி உடுப்பு போட வேண்டும், அந்தக் கம்பளியின் இழைகளுக்குள் நிற்கும் காற்றுதான் உடம்பின் வெப்பத்தைக் காக்கிறது, அதே காற்றுதான் ஆளை மேலே தூக்குகிறது. குளிராமல் இருக்க வேண்டுமென்றால் அந்தக் காற்றுக்கு ஈடாக ஈயம் சுமந்துதான் ஆக வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "நான் எட்டுக் கிலோவோடு இறங்குவேன்" என்று பெருமை பேசுகிறவர்களை நம்பி ஈயத்தைக் குறைத்தால், சூட்டிலிருந்து காற்றை எல்லாம் பிழிந்துவிட்டு நடுங்கிக்கொண்டு நீந்த வேண்டியதுதான்.

ஆனால் எத்தனை கிலோ என்பதை எப்போது பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், மேலே தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். அவர்களுக்குப் பாரம் இறங்குவதற்கு. சிலிண்டரோடு போகிற நமக்கு அது இறங்குவதற்கு அல்ல, முடிவில், உடம்பில் சேர்ந்த நைதரசன் வெளியேறுவதற்காக ஐந்து மீட்டரில் நிற்பதற்கு. கூடவே, சிலிண்டரில் காற்றுக் குறைந்துபோன நிலையில் நிற்பதற்கு.

12 லீட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2400 லீட்டர் காற்று, அதன் நிறை கிட்டத்தட்ட மூன்று கிலோ. 50 பாரில் மேலே வருகிறபோது இரண்டு கிலோவுக்கு மேல் மூச்சாகப் போய்விட்டிருக்கும். ஆகவே தொடக்கத்தில் அந்த இரண்டு கிலோ கூடுதலாகத் தாழத்தான் வேண்டும். தொடக்கத்திலேயே அச்சொட்டாக மிதக்கும்படி கட்டிக்கொண்டு போகிறவர் முடிவில் தக்கையாகி மேலே போவார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் நம் கரைக்கு வெளியே 50 மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும்போது ஆறு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் நீண்ட நேரம் காத்து நிற்க வேண்டும். அங்கே ஒரு கிலோ குறைந்தாலும் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சிலிண்டர் அலுமினியமா இரும்பா என்பதையும் கவனியுங்கள். அலுமினியம் வெறுமையானால் மிதக்கும், இரும்பு பெரும்பாலும் மிதக்காது. அது மாறினாலே ஈயம் இரண்டு கிலோ அளவில் மாறும்.

சரி, எப்படிப் பார்ப்பது? டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, மூன்று முதல் ஐந்து மீட்டர் ஆழத்தில், பிடிக்கக் கயிறு ஒன்று பக்கத்தில் இருக்கிற இடத்தில். மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று ஏற்றுகிற ஜாக்கெட்டின் காற்றை முழுக்க வெளியே விடுங்கள். சூட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் இடது தோள் பக்கத்து வால்வை முழுதாகத் திறந்து முழங்கையை உயர்த்துங்கள். சூட் உடம்பைத் தழுவ வேண்டும், நெரிக்கக் கூடாது. இப்போது சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு, காலை அசைக்காமல் நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் கணக்கு. மேலே போகிறீர்கள் என்றால் துணைக்கு வந்தவரிடமிருந்து ஒவ்வொரு கிலோவாக வாங்குங்கள். நிற்பதற்காக ஜாக்கெட்டில் காற்று ஏற்ற வேண்டி வந்தால் ஒவ்வொரு கிலோவாகக் கொடுங்கள். குளிர்காலத்தில் போடப்போகிற அதே உடுப்போடு செய்யுங்கள், மெல்லியதைப் போட்டுச் செய்த கணக்கு தடித்ததுக்கு உதவாது.

சில பயிற்றுநர்கள் புதியவர் சீக்கிரம் தாழட்டும் என்று இரண்டு மூன்று கிலோவைச் சும்மா கூட்டிவிடுகிறார்கள். வகுப்பு நேரத்துக்கு முடியும், உண்மைதான், ஆனால் எனக்கு இதில் கோபம் உண்டு. நாலு கிலோ கூடினால் அதைச் சமன் செய்ய நாலு லீட்டர் காற்றுக் கூடுதலாக ஏற்ற வேண்டும். பத்து மீட்டரில் இருக்கும் அந்த நாலு லீட்டர் மேற்பரப்பில் எட்டு லீட்டர். அது சூட்டுக்குள் இருந்தால் நீங்கள் சாய்கிற பக்கமெல்லாம் ஓடும். தலை கொஞ்சம் தாழ்ந்ததும் காலுக்குப் போய்விடும், காலில் வால்வு கிடையாது. அப்புறம் கால் மேலே, தலை கீழே, ஆள் மேலே போய்க்கொண்டே இருக்கிறார். அதனால் எனக்குப் பிடித்த முறை, சூட்டில் தண்ணீர் அழுத்தத்தால் வரும் நெரிசல் போகும் அளவுக்கு மட்டும் காற்று, மிதப்புக்கு ஜாக்கெட். சூட்டாலேயே மிதப்பையும் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஈயம் சரியாக இருந்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

இன்னொன்று, மூச்சு. ஐந்து பாகைத் தண்ணீர் முகத்தில் பட்டதும் நெஞ்சு தானாக நிறைந்து நிற்கும். உள்ளே இரண்டு லீட்டர் கூடுதலாக நின்றால் இரண்டு கிலோ மிதப்பு. அதற்கு ஈயம் கூட்டாதீர்கள். மேற்பரப்பிலேயே ஒரு நிமிடம் காத்திருந்து, மூச்சை நன்றாக வெளியே விட்டு இறங்குங்கள்.

உப்பையும் மறக்க முடியாது. ஆளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோ என்றால், நன்னீருக்கும் கடலுக்கும் சுமார் இரண்டரைக் கிலோ வித்தியாசம். அக்கா வீட்டுக்குப் போகிற சமயங்களில் நோர்வே ஃபியோர்டுகளில் இறங்கியிருக்கிறேன். மலைத் தண்ணீர் மேலே ஒரு படையாக நிற்கும், உப்பு கீழே. மார்கழி மழைக்குப் பிறகு நம் முகத்துவாரத்தில் வாவித் தண்ணீர் கடலுக்கு மேலே ஓடுகிறதே, அதே சங்கதி. அப்படிப்பட்ட இடத்தில் மேற்பரப்பில் நின்று ஈயம் பார்த்தால், ஐந்து மீட்டரில் உப்புக்குள் போனதும் அந்த ஈயம் போதாமல் போகும்.

ஈயம் முழுவதையும் ஒரே பெல்டில் கட்ட வேண்டாம். இடுப்பு நோவதை விடுங்கள், அது கழன்று விழுந்தால் உங்களைப் பிடிக்க எதுவும் இருக்காது. கொஞ்சம் பெல்டில், கொஞ்சம் முதுகுப் பக்கம், கழற்றக்கூடியது ஒரு பகுதி மட்டும்.

உடுப்பு, சிலிண்டர், எந்தத் தண்ணீர், எத்தனை கிலோ என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இங்கே வரும்போது அந்தக் கொப்பி உதவாது, பாசிக்குடாவின் ஆழமில்லாத் தண்ணீரில் புதிதாகப் பார்த்துவிட்டுத்தான் ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்கிற எண்ணெய்க் கப்பலுக்குக் கூட்டிப் போவேன். ட்ரை சூட்டைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், படகிலேயே அவிந்துபோவீர்கள்.